உயிரைப் பின்பற்றும் வீடு: ஓர் அறவியல் நோக்கு

'உயிருள்ள வீடு' என்னும் தொடர் கட்டடக் கலை பற்றிய எழுத்துக்களில் ஒரு புகழுரையாக வழங்கி வருகின்றது. வீடு சுவாசிக்கின்றது, வளர்கின்றது, நிலத்தில் வேரூன்றி நிற்கின்றது என்றெல்லாம் எழுதுவோர் அவ்வீட்டின் இயல்பை மாத்திரம் விபரிப்பதில்லை. அது நல்ல வீடு என்ற தீர்ப்பையும் உடன் வழங்கிவிடுகின்றனர். உயிர் என்ற சொல்லினுள் நன்மை என்ற பொருளும் தொக்கி நிற்பதாக அவர்கள் கொள்கின்றனர். ஆயின் உயிரினங்களின் இயல்புகள் யாவும் மனிதருக்கு விரும்பத்தக்கனவல்ல. உயிரினம் பிறவற்றை உண்கின்றது. தனக்கு வேண்டாதவற்றைக் கழிக்கின்றது. தன் உடலின் பகுதிகளையே இடையறாது அழித்துப் புதுப்பிக்கின்றது. ஈற்றில் தானும் மடிகின்றது. வீடு உயிரைப் பின்பற்ற வேண்டும் என்போர் இவற்றுள் எதனைப் பின்பற்றச் சொல்கின்றனர்? மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது அழகியல் சார்ந்த வினாவாகத் தோன்றலாம். எனினும் வீடு என்பது ஒருவர் உள்ளே வாழும் பொருளாதலால் இவ்வினாவை அறவியலிலிருந்து பிரித்துவிட முடியாது.

உயிரினங்களின் உருவத்தைப் பின்பற்றிய வீடுகளே பலரும் அறிந்தவை. மெக்சிக்கோ நகரை அடுத்துள்ள நௌகல்பானில் கட்டடக் கலைஞர் ஹவியேர் செனோசியாயின் எழுப்பிய இரு வீடுகள் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளாகும். 1985இல் நிறைவுற்ற முதலாவது, நிலக்கடலையின் ஓட்டை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. புல் மூடிய மண்ணின் கீழே வளைந்து செல்லும் அறைகளைக் கொண்டது. 2007இல் அமைந்த இரண்டாவது, நோட்டிலசு என்னும் கடலுயிரின் சுருண்ட ஓட்டை ஒத்தது. உருக்குக் கம்பிவலையின் மீது சீமெந்துச் சாந்தைப் பூசி மெல்லிய ஓடாக இறுகச் செய்யும் முறையினால் இவை கட்டப்பட்டன. நேர்ச்சுவரும் மூலையும் இவற்றில் அரிது. இரண்டாவது வீட்டின் தரையிலே செடிகள் வளர்கின்றன. வண்ணக் கண்ணாடிச் சுவரினூடாகப் பகலொளி அவற்றின் மீது சிந்துகின்றது. பெருநகரை வெறுத்து இயற்கையோடு ஒட்டி வாழ விரும்பிய ஓர் இளங் குடும்பத்தினருக்காக அது கட்டப்பட்டது. பார்ப்போரை மகிழ்விக்கும் வீடு அது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நோட்டிலசு தன் ஓட்டை எவ்வாறு பெறுகின்றது என்பதையும் சிறிது நோக்க வேண்டும். அவ்வுயிர் வளர வளர ஓட்டின் வாய்ப்புறத்தே புதிய இடத்தை ஆக்கிக்கொண்டு முன்னே நகர்கின்றது. தான் விட்டு வந்த பகுதியைப் பின்னால் ஒரு தடுப்பினால் மூடிவிடுகின்றது. முதிர்ந்த ஓட்டினுள் இத்தகைய அறைகள் முப்பது வரை இருக்கும். உயிர் வாழ்வது இறுதி அறையில் மட்டுமே. ஏனையவை வாயு நிரம்பி, மெல்லிய குழாய் ஒன்றினால் உடலோடு தொடர்புற்று, நீரில் மிதப்பதற்கு உதவுகின்றன. பருமன் பெருகியபோதும் வடிவம் மாறாத இவ்வளர்ச்சியே மடக்கைச் சுருளியாகக் கண்ணுக்குத் தெரிகின்றது. உயிரினங்களின் வடிவம், அவற்றின் மீது செயற்பட்ட விசைகளின் வரைபடம் என்பதை டாசி தொம்சன் 1917இல் வெளியிட்ட 'வளர்ச்சியும் வடிவமும் பற்றி' என்னும் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் சுருள் என்பது நோட்டிலசின் வாழ்க்கை வரலாறு. சீமெந்தினாற் செய்த சுருளுக்கோ அத்தகைய வரலாறு இல்லை. அது ஒரே வீச்சில் முழுமையாகக் கட்டப்பட்டது. வளர்ச்சியின் சுவட்டை அது கொண்டிருக்கின்றதேயன்றி வளர்ச்சியைக் கொண்டிருக்கவில்லை. (செனோசியாயினுக்கு நீதி செய்யுமிடத்து ஒன்று கூறல் வேண்டும்: நிலக்கடலை வீடு சிறியதாகத் தொடங்கி, குடும்பம் பெருகியபோது விரிவாக்கப்பட்டது. உயிரினத்தை மிக நெருங்கிய செயல், உருவம் பற்றிய பேச்சுக்கள் அனைத்திற்கும் அப்பால் அங்கே நிகழ்ந்துவிட்டது.)

உருவத்தை விடுத்து உயிரின் இயக்கத்தையே பின்பற்ற முனைந்தோர் யப்பானியர். 1960இல் ரோக்கியோவில் நடைபெற்ற உலக வடிவமைப்பு மாநாட்டின்போது இளங் கட்டடக் கலைஞர் சிலர் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். கியோனோரி கிக்குத்தாக்கே, கிஷோ குரோகவா, பூமிஹிக்கோ மாக்கி, மசாத்தோ ஓத்தாக்கா ஆகியோரும் திறனாய்வாளர் நொபொரு கவாசொயேயும் அதில் பங்குகொண்டனர். தம் இயக்கத்திற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'மெற்றபொலிசம்', அதாவது அனுசேபம். யப்பானிய மொழியில் இதற்கு வழங்கும் சொல், பழையதன் இடத்தைப் புதியது பெறுதல் என்னும் பொருளையும் உடையது. நகரும் வீடும் ஒருமுறை கட்டி நிரந்தரமாக வைக்கப்படும் பொருள்கள் அல்ல. உடலைப் போன்று நீடித்து நிற்கும் பகுதிகளும் விரைந்து மாறும் பகுதிகளும் அவற்றில் உண்டு. மாற வேண்டியவை எளிதில் மாறத்தக்கவாறு அவை அமைக்கப்படல் வேண்டும் என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

இக்கருத்து எங்கிருந்து பிறந்தது என்பது சிந்தனைக்குரியது. 1945 மார்ச் 9ஆந் திகதி இரவும் மறுநாள் விடியலும் நிகழ்ந்த குண்டுவீச்சில் ரோக்கியோவின் மரவீடுகள் தீக்கிரையாகி ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் மடிந்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில் ஹிரோசிமாவும் நாகசாக்கியும் அழிந்தன. சாம்பலிலே வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நிரந்தரம் என்ற சொல் நகைப்பிற்குரியதாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. அதே வேளையில் அவர்களது மரபிலேயே வேறொரு சான்று இருந்தது. இசே என்னுமிடத்திலுள்ள சிந்தோக் கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அச்சொட்டாகப் புதிதாகக் கட்டப்படுகின்றது. பின்னர் பழையது பிரிக்கப்படுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்ட போதிலும் மீண்டும் தொடர்ந்தது. 2013இல் நிகழ்ந்தது அறுபத்திரண்டாவது புதுப்பிப்பாகும். மரம் புதிது, வடிவம் பழைது. அழிவைப் புறத்தேயிருந்து வரும் விபத்தாக ஏற்காது, வாழ்வின் ஒழுங்கிற்குள் முன்கூட்டியே இடமளித்து வைத்த ஓர் ஏற்பாடு அது.

இவ்வியக்கத்தின் மிகப் புகழ்பெற்ற குடியிருப்பு, குரோகவா வடிவமைத்து 1972இல் ரோக்கியோவின் கின்சாப் பகுதியில் நிறைவுற்ற நக்காகின் மாடம் ஆகும். இரண்டு கொங்கிறீற்றுத் தண்டுகள். அவற்றைச் சுற்றி, தொழிற்சாலையிற் செய்து கொண்டுவரப்பட்ட 140 'கப்சூல்கள்', அதாவது சிற்றறைகள். ஒவ்வொன்றும் வெளியளவில் ஏறத்தாழ நான்கு மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் அகலமும் உடையது; உருக்குத் திருகாணிகள் நான்கினால் தண்டிற் பொருத்தப்பட்டது. உள்ளே கட்டில், மேசை, குளியலறை, சுவரிற் பதித்த தொலைக்காட்சி, வட்ட வடிவான ஒரேயொரு சாளரம். சமையலறை கிடையாது. நகரிலே நெடுநேரம் பணிபுரிந்து வீடு திரும்ப இயலாத அலுவலரையே அது முதன்மையாகக் கருத்திற் கொண்டது. தண்டு நீடித்து நிற்கும். சிற்றறைகள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றப்பட்டுப் புதியன மாட்டப்படும் என்பது திட்டம். முதிர்ந்த கலம் நீங்க இளங் கலம் அவ்விடத்தை அடைதலைப் போன்றது இது எனலாம்.

இருபத்தைந்து ஆண்டுகளும் கடந்தன. ஒரு சிற்றறையேனும் மாற்றப்படவில்லை. குழாய்கள் அரித்தன; கூரைகள் ஒழுகின; கல்நார் கலந்த பொருள்கள் உள்ளே இருந்தன; பிற்காலத்தில் வெந்நீர் வழங்கலும் நின்றது. 2007இல் உரிமையாளர் பெரும்பான்மையோர் மாடத்தை இடித்துப் புதிய கட்டடம் எழுப்ப வாக்களித்தனர். தண்டை விட்டுச் சிற்றறைகளை மட்டும் புதுப்பிக்குமாறு குரோகவா வாதாடினார்; அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர் காலமானார். உலக நிதி நெருக்கடியின் விளைவாக இடிக்கும் திட்டமும் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஈற்றில் 2022 ஏப்பிரலில் மாடத்தைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. இருபத்துமூன்று சிற்றறைகள் காப்பாற்றப்பட்டன. அவற்றுட் சில நூதனசாலைகளைச் சென்றடைந்தன.

இத்தோல்விக்குப் பொறியியல் விளக்கம் ஒன்று உண்டு. சிற்றறைகள் ஒன்றன்மேலொன்றாக மிக நெருங்கி இருந்தமையால் மேலுள்ளவற்றை அகற்றாது கீழுள்ளதைக் கழற்றுதல் நடைமுறையில் இயலாததாயிற்று. இவ்விளக்கம் உண்மையானதே, ஆயினும் போதியதன்று. திருகாணியினால் எழுந்த சிக்கலைத் திருகாணியினால் தீர்க்கலாம். ஒவ்வொரு சிற்றறைக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்பதே தீர்க்க முடியாத சிக்கல். ஒருவருக்கு அது அலுவலகம், மற்றொருவருக்கு ஓவியக்கூடம், இன்னொருவருக்கு வேறு போக்கிடமற்ற ஒரே வீடு. தம் அறை முதிர்ந்துவிட்டது, அது கழல வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை எல்லோரும் ஒரே வேளையில் ஒப்புக்கொண்டு அதற்குரிய செலவையும் ஏற்க வேண்டியிருந்தது. அன்றைய யப்பானியச் சட்டத்தின்படி இத்தகைய கட்டடத்தை இடித்து மீளக் கட்டுவதற்கே உரிமையாளரில் ஐந்தில் நான்கு பங்கினரின் சம்மதம் வேண்டியிருந்தது. உடலிலுள்ள கலங்கள் கூட்டம் கூடி வாக்களித்ததாக எந்த உயிரியல் நூலும் கூறவில்லை. நக்காகினில் அதுவே நிகழ்ந்தது. கலங்களாக உருவகிக்கப்பட்டவர்கள் தாம் கலங்கள் அல்லர் என்பதை வாக்களித்துக் காட்டினர்.

உயிர் உருவகத்தின் அறவியற் சிக்கல் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. செங்குருதிக் கலம் ஒன்று ஏறத்தாழ நூற்றிருபது நாட்கள் வாழ்ந்து அழிகின்றது. குடலின் உட்படையிலுள்ள கலங்களின் ஆயுள் சில நாட்களே. அவற்றிற்காக எவரும் துயருறுவதில்லை. துயருற வேண்டிய அவசியமும் இல்லை. கலத்திற்குத் தன் நாளை பற்றிய எண்ணம் கிடையாது. மனிதனுக்கோ அது உண்டு. காண்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என வலியுறுத்தினார். அவரே 1790இல், உயிருள்ள உடலில் ஒவ்வொரு பகுதியும் ஏனையவற்றிற்கு நோக்கமாகவும் கருவியாகவும் ஒருங்கே அமைகின்றது என்று விளக்கினார். இவ்விரு கருத்துக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. உடலின் பகுதி, முழுமையின் பொருட்டே நோக்கமாகின்றது. முழுமைக்குப் பயன்படாதபோது அது நோக்கமாகவும் இருப்பதில்லை. மனிதனின் மதிப்போ அவன் எந்த முழுமையின் பகுதி என்பதைப் பொறுத்ததன்று.

மனிதரை உடலுறுப்புக்களாக உருவகித்தல் கட்டடக் கலைஞர் கண்டுபிடித்த புதுமையன்று. உரோமில் நிலப்பிரபுக்களோடு முரண்பட்டு நகரை நீங்கிய பொதுமக்களிடம், வயிற்றுக்கு எதிராகக் கைகளும் வாயும் கிளர்ந்த கதையைச் சொல்லி மெனேனியசு அவர்களைத் திருப்பி அழைத்தான் என வரலாற்றாசிரியர் லிவி எழுதினார். இருக்கு வேதத்தின் புருட சூக்தம் நால்வருணத்தாரைப் பெரும் புருடனின் வாய், கை, தொடை, பாதம் என்பவற்றோடு தொடர்புறுத்தியது. அவ்வுருவகம் நம்மிடையே எதற்குத் துணைநின்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. உடல் ஒன்று எனக் கூறப்படும் போதெல்லாம், அவ்வுடலின் தலை எது என்பதைத் தீர்மானித்தவர் எவர் என வினவுதல் பயனுடையது. யப்பானியக் கலைஞர்களுக்கு இத்தகைய கொடிய நோக்கம் எதுவும் இருந்ததாகக் கூறுதல் அநீதி. எனினும் அவர்களது வரைபடங்களில் தண்டு எப்போதும் நிலையானது, சிற்றறை எப்போதும் மாற்றத்தக்கது. குடியிருப்பவர் எப்போதும் சிற்றறையினுள்ளேயே இருந்தார்.

இவ்வுருவகத்திற்கு மற்றோர் இடரும் உண்டு. இயற்கையில் இலை உதிர்கின்றது. உதிர்வதற்கு முன்னரே மரம் அதிலுள்ள சத்துக்களிற் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கின்றது. காம்படியில் ஒரு படை உருவாகி வடு மூடப்படுகின்றது. இலையுதிர்வு மரத்தின் செயல். எரிக்கப்பட்ட வீடோ உதிர்ந்த இலையன்று. அங்கே மீட்டெடுக்க அவகாசம் அளிக்கப்படவில்லை. வடுவை மூட ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அழிவு உள்ளிருந்து எழவும் இல்லை. பழையது போய்ப் புதியது வந்தது என்ற ஒரே தொடரால் இவ்விரண்டையும் குறிக்கலாம். அவ்வாறு குறிக்கும்போது, எரித்தவர் எவர் என்ற வினா மெல்ல மறைந்து, காலத்தின் ஒழுங்கு என்ற ஆறுதல் அவ்விடத்தை அடைகின்றது. துயருற்றவன் தானே தேடிக்கொள்ளும் ஆறுதலாயின் அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. இழப்பை நேரிற் காணாதவர் அதனை வழங்க முன்வரும்போதுதான் அது பொய்யாகிவிடுகின்றது. குண்டு வீழ்ந்த நகரை அனுசேபத்தின் மொழியிற் பேசிய இளைஞர் அந்நகரின் பிள்ளைகள். அவர்களுக்கு அம்மொழியின் மீது ஓர் உரிமை இருந்தது. பெருநகரங்களில் ஏழை மக்களின் குடியிருப்புக்களை அகற்றும்போது 'நகரப் புத்துயிர்ப்பு' என்னும் பெயரை வழங்கும் அதிகாரிகளுக்கு அத்தகைய உரிமை ஏது?

நிற்க. இதற்கு மாறான வாதமும் வலுவுடையதே. நிரந்தரமாகக் கட்டுபவன் பின்வருவோர் மீது தன் விருப்பத்தைச் சுமத்துகின்றான். பாட்டனின் கல்வீடு பேரனை ஓர் ஊரில், ஓர் ஒழுங்கில், சில வேளைகளில் ஒரு கடனில் கட்டிப்போடுகின்றது. அழியத்தக்கதாக வீடு கட்டுதல் இவ்வகையில் ஒரு தாராள மனப்பான்மை. தமிழில் வீடு என்ற சொல்லே விடுதல் என்பதோடு உறவுடையது; உறைவிடத்தையும் பற்றறுதலையும் அவ்வொரு சொல்லே குறிக்கின்றது. மேலும், உடலில் யாவும் மாறுகின்றன என்ற கருத்தும் சரியன்று. மூளைப் புறணியிலுள்ள நரம்புக் கலங்களிற் பெரும்பாலானவை பிறப்பு முதல் இறப்பு வரை மாற்றீடின்றி நிலைத்திருக்கின்றன. நினைவைத் தாங்கும் பகுதியை உடலே விரைந்து மாற்றத் துணியவில்லை எனலாம். நக்காகினில் இறுதிவரை தங்கியிருந்தோர் தம் சிற்றறைகளை இழக்க மறுத்தமை அனுசேபத்திற்கு முரணானதன்று. அவர்களது அறைகள், கலைஞர் எதிர்பாராத வகையில், நரம்புக் கலங்களாக மாறியிருந்தன.

இசேயிலும் மாற்றத்தைத் தாங்குவது மரமன்று. ஒவ்வொரு தலைமுறைத் தச்சரும் முன்னைய புதுப்பிப்பில் பணியாற்றியவரோடு கூடிநின்று கற்கின்றனர். பிரிக்கப்பட்ட தூண்கள் வாயில்வளைவுகளாகவும் பின்னர் பிற கோயில்களின் உறுப்புக்களாகவும் பயன்பெறுகின்றன. இருபது ஆண்டு என்பது மரத்தின் ஆயுளைக் காட்டிலும் மனிதக் கையின் பயிற்சிக் காலத்திற்கே பொருந்துகின்றது. நக்காகினில் பொருத்துவதற்குத் திருகாணிகள் இருந்தன. கழற்றும் வேளையில் ஒன்றுகூட வேண்டிய சமூகம் இருக்கவில்லை. ஆயினும் இசேயில் வாழ்வது தெய்வம். குடிபெயருமாறு தெய்வத்தைக் கேட்டல் எளிது. மனிதர் வாழும் வீட்டிற்கு அவ்வுவமை முழுமையாகப் பொருந்துவதில்லை.

பொருந்தும் எடுத்துக்காட்டு அவ்வியக்கத்தினுள்ளேயே, அறிக்கை வெளிவருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே எழுந்து நின்றது. கிக்குத்தாக்கே 1958இல் ரோக்கியோவில் தம் குடும்பத்திற்காகக் கட்டிய வீடு 'ஆகாய வீடு' எனப் பெயர் பெற்றது. போருக்குப் பின்னரான நிலச் சீர்திருத்தத்தில் நிலத்தை இழந்த நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். மண்ணில் வேரூன்றுதல் பற்றிய பேச்சில் அவருக்கு நம்பிக்கை குறைந்திருந்ததோ என்னவோ, வீட்டை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தினார். சரிவான காணியில், நான்கு பக்கங்களின் நடுவிலும் நான்கு கொங்கிறீற்றுச் சுவர்த் தூண்கள். அவற்றின் மீது பக்கத்திற்கு ஏறத்தாழப் பத்து மீற்றர் அளவுள்ள ஒரே சதுர அறை. சுற்றிலும் ஒரு நடை. மேலே வளைந்த ஓட்டுக் கூரை. கணவனும் மனைவியும் வாழும் அறை நிலையானது. சமையற் பகுதியும் குளியற் பகுதியும் பெயர்த்து மாற்றத்தக்க அலகுகளாக ஓரங்களில் வைக்கப்பட்டன. காலப்போக்கில் அவை மெய்யாகவே இடம் மாறின.

அவ்வீடு எந்தச் சிப்பியையும் கனியையும் ஒத்ததன்று. பார்ப்பதற்கு நேர்கோடுகளாலான ஒரு பெட்டி. ஆயினும் பிள்ளை பிறந்தபோது தரைத்தளத்தின் அடியிலே, கிளையிலிருந்து கூடு தொங்குவதைப் போன்று, பிள்ளைக்கென ஒரு சிற்றறை தொங்கவிடப்பட்டது. மேலேயுள்ள அறையிலிருந்து அதற்கு இறங்கிச் செல்ல வழி இருந்தது. பெரிய அறையின் கீழிருந்த வெற்றிடம், வரப்போகும் எவருக்காகவோ ஒதுக்கப்பட்டிருந்தது போலும். இவ்வீட்டிலும் மாற்றத்தக்கது சிற்றறையே. எனினும் எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது என்பதைத் தீர்மானித்தவர்கள் அவ்வீட்டிற் சமைத்து உண்டு உறங்கியவர்களே. இருபத்தைந்து ஆண்டு என்ற தவணையை எவரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்தபின் தொங்கிய சிற்றறை கழற்றப்பட்டது; பின்னர் கீழிருந்த வெற்றிடத்தில், வளர்ந்துவிட்ட குடும்பத்திற்கு ஏற்ற அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.